மதுவுக்கும் குலமுண்டோ?

ஒரு பொருளின் மேன்மை எங்கே உறைகின்றது? அது விளைந்த மண்ணிலா, அதனை ஆக்கிய கையிலா, அல்லது அதன்மேல் எழுதப்பட்ட பெயரிலா? தருக்கம் பயில்வோர் பொழுதுபோக்காக எழுப்பும் வினாவாக இது தோன்றலாம். ஆயின் இதற்கு ஒரு சமூகம் அளிக்கும் விடையைப் பொறுத்தே, அச்சமூகத்தில் ஒருவன் தலைநிமிர்ந்து நடப்பதும் மற்றொருவன் ஒதுங்கி நிற்பதும் அமைகின்றன. ஏனெனில், பொருளுக்கு நாம் அளிக்கும் மதிப்பு பொருளோடு நின்றுவிடுவதில்லை. அதற்கு உரிமை கொண்டாடுபவன்மீதும், அதனை ஆக்கியவன்மீதும் அது சென்று படிகின்றது. யார்மீது பெருமையாகவும் யார்மீது இழிவாகவும் படிகின்றது என்பதே நாம் ஆராய வேண்டியது.

இவ்வாராய்ச்சிக்கு மது பொருத்தமானதோர் உரைகல். உலகில் மிக உயர்ந்த புகழ் பெற்றதும் ஒரு மது. நம் மண்ணில் மிகத் தாழ்ந்த பெயர் பெற்றதும் ஒரு மது. முன்னையது பிரான்சு நாட்டின் போர்டோ நகரை அடுத்துள்ள ஓ-பிரியோன் என்னும் தோட்டத்தின் செந்நிறத் திராட்சை மது. பின்னையது மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் நிற்கும் தென்னைகளிலிருந்து இறக்கப்படும் கள். இரண்டும் இனிய சாறு நொதித்து உண்டாவன. இரண்டும் அளவு மீறினால் அறிவைக் கெடுப்பன. எனினும் ஒன்றின் பெயர் பெருவிருந்துகளில் மரியாதையோடு உச்சரிக்கப்படுகின்றது. மற்றதன் பெயர் வசைச்சொல்லோடு சேர்ந்து வழங்குகின்றது. இவ்வேறுபாடு இயற்கையாய் எழுந்ததா, மனிதர் வகுத்ததா?

முதலில் பிரெஞ்சுத் தோட்டத்தின் வரலாற்றைக் காண்போம். பெசாக் என்னும் ஊரில் உள்ள அந்நிலத்தை 1533ஆம் ஆண்டில் ஜோன் த பொன்டாக் என்னும் செல்வர் பெற்றார். அவருடைய வழிவந்தோர் போர்டோவின் நீதிமன்றத்தில் உயர்பதவி வகித்தவர்கள். அக்காலத்தில் மது பெரும்பாலும் அது வந்த வட்டாரத்தின் பெயராலேயே விற்கப்பட்டது. தோட்டத்தின் தனிப்பெயரால் அறியப்பட்ட முதல் மதுக்களுள் ஓ-பிரியோனும் ஒன்று. 1663ஆம் ஆண்டில் லண்டன் விடுதியொன்றில் அதனைப் பருகிய சாமுவேல் பீப்ஸ், அதன் தனிச்சுவையைத் தம் நாட்குறிப்பிற் பதிந்தார். மூன்றாண்டுகள் கழித்துப் பொன்டாக் குடும்பத்தார் லண்டனிலேயே ஓர் உணவுச்சாலையை நிறுவினர். செல்வரும் அறிஞரும் அங்கே கூடினர். மதுவின் பெயரும் அவர்களோடு உயர்ந்தது.

1677ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தோட்டத்தைக் காணச் சென்றவர்களுள் ஒருவர் ஆங்கிலத் தத்துவஞானி ஜோன் லொக். அவருடைய பயணக் குறிப்புகள் இன்றும் படிக்கத்தக்கவை. மேற்கு நோக்கிய மேட்டில், சிறுகற்கள் கலந்த வெண்மணலில் அக்கொடிகள் நிற்பதை அவர் கண்டார்; பார்ப்பவர்க்கு எதுவுமே விளையாது என்று தோன்றும் மண் அது என வியந்தார். விலையையும் குறித்தார். உயர்ந்த மது ஒரு தொன்னோ, அதாவது ஏறத்தாழ 900 லீற்றர், 80 முதல் 100 எக்கூ வரை விலைபோயிற்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் அது 50 அல்லது 60 எக்கூவாக இருந்தது. என்ன விலையானாலும் சிறந்ததையே அனுப்புக என நாகரிகச் சீமான்கள் போட்டியிட்டுக் கட்டளை அனுப்பியதே விலையேற்றத்துக்குக் காரணம் என்றும், அது ஆங்கிலேயரின் சொந்த மடமையின் விளைவே என்றும் லொக் ஒளிவின்றி எழுதினார்.

அதே குறிப்புகளில், அத்தோட்டம் அமைந்த கிராவ் வட்டாரத்தில் ஓர் ஏழைக் குடியானவனின் மனைவியோடு தாம் உரையாடியதையும் அவர் எழுதியிருக்கிறார். கணவனின் நாட்கூலி 7 சூ, குடும்பத்தில் ஐவர். அவளுக்கு வேலை கிடைப்பது அரிது. கிடைத்தால் அவன் கூலியிற் பாதியளவு. கம்பு போன்றதொரு தாழ்ந்த தானியத்தின் ரொட்டியும் தண்ணீருமே அவர்களின் உணவு. இங்கே நாம் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஓர் எக்கூ 60 சூ. ஆகவே 80 எக்கூ என்பது 4,800 சூ. நாளொன்றுக்கு 7 சூ பெறும் அம்மனிதன் ஒரு தொன்னோ மதுவின் விலையை ஈட்ட வேண்டுமாயின் ஏறத்தாழ 685 நாட்கள் உழைக்க வேண்டும். அந்நாட்களில் எதனையும் உண்ணாதிருக்கவும் வேண்டும். கொடியை வெட்டியும் மண்ணைக் கொத்தியும் அம்மண்ணிற் பாடுபட்டவர்கள் அவனைப் போன்றவர்களே. மது லண்டனுக்குச் சென்றது. பெயர் பொன்டாக் குடும்பத்துக்குச் சென்றது. அவனுக்கு ரொட்டியும் தண்ணீரும் எஞ்சின.

இதனைக் கண்ணாரக் கண்டவர் சாதாரண யாத்திரிகர் அல்லர். பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1689இல் வெளிவந்த தமது அரசியல் நூலில், உடைமை என்பது உழைப்பிலிருந்தே பிறக்கின்றது என்று வாதிட்டவர் அவர். மனிதனுக்குப் பயன்படும் பொருள்களின் மதிப்பிற் பெரும்பங்கு உழைப்பால் வருவது. மண் தரும் பங்கு மிகச் சிறிது என்பது அவர் கொள்கை. அரசர்களின் தெய்விக உரிமையை மறுத்த அக்கொள்கை மனித சிந்தனையின் முன்னேற்றத்தில் ஒரு மைல்கல் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆயின் அதே அதிகாரத்தில், ஒருவனுடைய பணியாள் வெட்டியெடுத்ததும் எசமானுக்கே உரியதாகும் என்றும் அவர் ஏற்றுக்கொண்டார். உழைப்பே மதிப்பின் ஊற்று என்று கூறிய நா, உழைத்தவன் யார் என்று வினவும்போது தடுமாறி நிற்கின்றது. 1787ஆம் ஆண்டில் இதே தோட்டத்தைக் காண வந்த தோமஸ் ஜெபர்சனின் நிலையும் இத்தகையதே. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் என்னும் கருத்தை 1776இல் பிரகடனமாக எழுதிய அவர், தம் ஆயுட்காலத்தில் 600க்கு மேற்பட்ட மனிதரை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர்.

இனி மதுவின் குலமுறை வகுக்கப்பட்ட கதைக்கு வருவோம். 1855ஆம் ஆண்டில் மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியில் பாரிசில் உலகப் பொருட்காட்சி நடைபெற்றது. அதன்பொருட்டுப் போர்டோவின் மதுத் தரகர்கள் தங்கள் வட்டாரத்துச் செந்நிற மதுக்களை ஐந்து படிகளாக வகுத்து ஒரு பட்டியல் தயாரித்தார்கள். முதற்படியில் நான்கு பெயர்கள் இடம்பெற்றன: லபித், மார்கோ, லதூர், ஓ-பிரியோன். தரகர்கள் கொண்ட அளவுகோல் யாது? மதுக்களை ஒருங்கே வைத்துச் சுவைத்துத் தெளிந்த தீர்ப்பன்று அது. நெடுங்காலமாக ஒவ்வொன்றும் சந்தையில் என்ன விலை பெற்றது என்பதே அளவுகோல். சீமான்களின் போட்டியால் விலை ஏறியது என்று லொக் எழுதினாரே, அத்தகைய விலைகளின் நீண்ட வரிசையே இறுதியில் தகுதியாக முடிசூட்டப்பட்டது.

ஒரு பொருட்காட்சிக்கென எழுதப்பட்ட அப்பட்டியல் ஏறத்தாழ 170 ஆண்டுகளாக நிலைத்திருக்கின்றது. அதன் உச்சப்படி ஒரேயொரு முறைதான் திறந்தது. நெடுங்காலம் போராடிய முத்தோன் ரொட்சில்ட் என்னும் தோட்டம் 1973ஆம் ஆண்டில் இரண்டாம் படியிலிருந்து முதற்படிக்கு ஏற்றப்பட்டது. இதற்கிடையில் மாறாதது எது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவிலிருந்து வந்த பிலொக்செரா என்னும் வேர்ப்பூச்சி பிரான்சின் கொடிகளை அழித்தது. அதற்குக் கண்ட மருந்து, அப்பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்கக் கொடியின் வேரில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுவது. ஆகவே இன்று அப்புகழ்பெற்ற தோட்டங்களில் நிற்கும் கொடிகளின் வேர் பிரெஞ்சு வேரன்று. உடைமையாளரும் மாறினர், ஓ-பிரியோனை 1935இல் கிளாரன்ஸ் டிலன் என்னும் அமெரிக்க வங்கியாளர் வாங்கினார். கருவிகளும் மாறின, 1961இல் அங்கே நொதித்தலுக்குத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள் வந்தன. வேர் வேறு, உடையவர் வேறு, கலம் வேறு. குலம் மட்டும் அதேதான்.

இதனைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு ஏதோ பழகிய குரல் கேட்கவில்லையா? ஒரு காலத்து ஏற்பாட்டை எக்காலத்துக்கும் உரிய இயற்கையாகக் காட்டுவது, பிறந்த படியிலேயே இருத்துவது, இரத்தத் தூய்மை என்று பேசிக்கொண்டு ஒட்டிய வேரை மறைப்பது ஆகியவற்றை நாம் வேறெங்கும் தேடிச் செல்ல வேண்டியதில்லை. போர்டோவின் கிழக்கே சென்-தெமிலியோன் என்னும் ஊரில் 1955இல் வேறொரு பட்டியல் ஏற்பட்டது. அது ஏறத்தாழப் பத்தாண்டுக்கொருமுறை மறுபரிசீலனை செய்யப்படுவது. நியாயமான ஏற்பாடுதான். ஆயினும் 2006ஆம் ஆண்டுப் பட்டியலிற் படியிறங்கியவர்கள் நீதிமன்றம் ஏறினார்கள். கிடைத்த படி தேர்வின் பயன் என்பதை மறந்து, அதனைச் சொத்தெனக் கருதத் தொடங்குவது மனித இயல்பு போலும். இருக்கையைப் பெற்றவனுக்கு அது தன் முதுகெலும்பின் நீட்சியாகத் தோன்றுகின்றது.

இனி நம் மணலுக்குத் திரும்புவோம். எதுவும் விளையாதென்று லொக் எண்ணிய வெண்மணல் எழுவான்கரை மக்களுக்குப் புதியதன்று. படுவான்கரையின் வயல்மண் நெல்லை வளர்க்க, வாவிக்குக் கிழக்கேயுள்ள மணல் தென்னையை வளர்த்தது. அத்தென்னையிலிருந்து கள் எடுப்பது எளிய காரியமன்று. விரியாத இளம்பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் பதமாகத் தட்டி, நுனியை மெல்லிதாகச் சீவி, சாறு சுரக்கத் தொடங்கியபின் காலையும் மாலையும் மரமேற வேண்டும். ஓங்கித் தட்டினாற் பாளை நைந்துவிடும். தட்டாதுவிட்டாற் சாறு வராது. எந்த மரம் எத்தனை நாள் சுரக்கும், எந்தக் காற்றில் ஏறலாகாது என்பவற்றையெல்லாம் ஏட்டிற் படிக்க இயலாது. கையும் காலும் அறிந்த அறிவு அது. பிரெஞ்சுத் தோட்டத்தில் இத்தகைய அறிவுக்குக் கலை என்று பெயர். ஓ-பிரியோனை நிர்வகித்த டெல்மாஸ் குடும்பத்தின் மூன்று தலைமுறையினரை மதுவறிஞர்கள் பெயர்சொல்லிப் போற்றுகின்றனர். நம் மண்ணில் இந்த அறிவு பரம்பரையாக வந்தால், அதற்கு வழங்கும் பெயர் சாதி.

கள்ளின்மீது நம்மவர்க்கு இயல்பாகவே வெறுப்பு இருந்ததென்று கூற இடமில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் கள்ளைப் பகிர்ந்தளித்த பண்பே நட்பின் அடையாளமாக நினைவுகூரப்படுகின்றது. நக்கீரர் பாண்டியன் நன்மாறனைப் பாடுகையில் யவனர் கொணர்ந்த மதுவைக் குறிப்பிடுகிறார். 1945இல் புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் நடந்த அகழ்வில் மத்தியதரைக்கடல் நாட்டு மதுச்சாடிகளின் உடைவுகள் கிடைத்தமை அதற்குச் சான்று. பின்வந்த திருவள்ளுவர் கள்ளுண்ணாமையைத் தனி அதிகாரமாக்கிக் கடிந்தார். ஆயின் அவ்வதிகாரத்தின் பத்துக் குறள்களையும் ஊன்றிப் படிப்போர் ஒன்றைக் காண்பர்: அங்கே கடியப்படுபவன் உண்பவன், கள் இறக்குபவனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குடித்தவனின் குற்றத்தை மரத்திலிருந்தவன் தலையில் ஏற்றியது வள்ளுவரல்லர், நாம்.

மதுவை வெறுப்பதனாலேயே அதனை இறக்குபவனை ஒதுக்கினோம் என்று சிலர் சமாதானம் கூறுவதுண்டு. இதனைச் சோதிக்க ஓர் எளிய வழி இருக்கின்றது. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் சாறு நொதிக்காது. இனிய கருப்பநீர் கிடைக்கும், அதனைக் காய்ச்சிப் பனைவெல்லமும் தென்னைவெல்லமும் செய்யலாம். அவ்வெல்லம் கோயிற் பொங்கலிலும் கலக்கின்றது. மது வெறுப்பே உண்மைக் காரணமாயின், சுண்ணாம்பு தடவிய முட்டியோடு இறங்குபவன் அந்த நாளிலாவது கோயில் வாயிலைக் கடந்திருக்க வேண்டும். அவன் கடக்கவில்லை, வெல்லம் மட்டுமே கடந்தது. ஆகவே ஒதுக்கியது மதுவை நோக்கியன்று, மனிதனை நோக்கியே என்பது தெளிவு.

மற்றொரு சான்று வரலாற்றில் உள்ளது. கள் ஒரு பகலுக்கு மேல் நில்லாது, புளித்துக் காடியாகிவிடும். திராட்சை மதுவோ பீப்பாயிலும் போத்தலிலும் ஆண்டுக்கணக்கில் நின்று கடல் கடக்கும். நின்று பயணம் செய்யும் பொருளுக்கே பெயரும் பெயருக்கு விலையும் ஏற்படுகின்றன என்பது பொருளியல் உண்மை. கள்ளை வடித்துச் சாராயமாக்கியபின் அதுவும் நிற்கத் தொடங்கியது. திருகோணமலை மரம் என உலகம் அறிந்த சவண்டலையிற் செய்த பீப்பாய்களில் முதிர்ந்தது. அப்போது பெயர் யாருக்குச் சென்றது? பிரித்தானியர் ஆட்சியில் சாராய விற்பனையுரிமை ஏலத்தில் குத்தகைக்கு விடப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையர் சிலர் பெருமூலதனம் திரட்டியதற்கு இக்குத்தகையே முதன்மையான வழியாயிற்று என்பதைக் குமாரி ஜயவர்த்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுநூலில் விரிவாகக் காட்டியுள்ளார். அப்பணம் தோட்டங்களாயிற்று, மாளிகைகளாயிற்று, பிள்ளைகளின் உயர்கல்வியாயிற்று, இறுதியிற் குடிப்பெருமையுமாயிற்று. ஒரே சாராயம் குத்தகைக்காரரைக் கனவான் ஆக்கியது. மரமேறியவனைத் தவறணையின் பின்புறத்தில் நிறுத்தியது. அரசும் மதுவரியை வாங்கியது. அரசை யாரும் தீண்டாதிருக்கவில்லை.

சட்டம் ஓரளவு தன் கடமையைச் செய்திருக்கின்றது. பிறப்பைக் காரணங் காட்டிக் கோயிலிலும் கடையிலும் பாடசாலையிலும் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்து, தாம் இறக்கிய கள்ளைத் தாமே விற்கும் உரிமையை அவர்களுக்குத் தந்தன. இவை அருள்கூர்ந்து எவரும் அளித்த கொடைகளல்ல, போராடிப் பெற்றவை. எனினும் மனத்தின் பட்டியல் சட்டத்தின் வேகத்தில் மாறுவதில்லை. பாடசாலைப் படிவத்தில் தந்தையின் தொழிலை எழுதவேண்டிய இடத்தில், “கூலி” என்று எழுதி அவசரமாகத் தாளைத் திருப்பிவைக்கும் பிள்ளையை இத்தொழிலிலுள்ள ஆசிரியர் பலரும் அறிவர். உயரத்தில் நின்று உயிரைப் பணயம் வைத்துத் தனக்குச் சோறிட்ட தந்தையின் கைத்திறனை மறைக்க அப்பிள்ளைக்குக் கற்பித்தது யார்? அதனை எந்தப் பாடநூலும் கற்பிக்கவில்லை. நம் பார்வைகள் கற்பித்திருக்கின்றன.

இங்கே இரண்டு தடைகளுக்கு விடை கூறவேண்டியிருக்கின்றது. முதலாவது, இவ்வாறு பேசுவது குடிக்குப் பரிந்து பேசுவதாகாதா என்பது. ஆகாது. குடி நம் கிராமங்களின் கூலியை விழுங்குவதையும், பெண்களின் கண்ணீருக்குக் காரணமாவதையும் அறியாதார் இல்லை. 1912இல் மதுவரிச் சட்டத்தின் கீழ்க் கடைகள் பெருகியபோது எழுந்த மதுவிலக்கு இயக்கமும், 2017இல் கல்குடாவில் மதுசாரத் தொழிற்சாலை அமைவதை எதிர்த்து மட்டக்களப்பில் எழுந்த குரலும் நியாயமானவையே. மதுவை விலக்குவது அறமாகலாம். ஆனால் மதுவிலக்கை விரும்புபவன் முதலில் வினவ வேண்டியது, அத்தொழிலை விடுபவனுக்கு வேறு வாழ்வு யாது என்பதை. அதனை வினவாமல் அவனை மட்டும் வெறுப்பவனுக்கு மதுவிலக்கு ஒரு போர்வையே.

இரண்டாவது தடை சற்று நுண்ணியது. தரம் என்பது உண்மை. நல்ல மதுவும் தீய மதுவும் ஒன்றாகா. தரவேற்றுமையை ஒழித்தால் சிறப்பையே ஒழித்தவராவோம் என்பர். தரம் உண்மை என்பதை நாமும் ஏற்கின்றோம். வெண்மணலிற் பழுத்த திராட்சையின் சுவை பொய்யன்று. கைதேர்ந்தவன் சீவிய பாளையின் சுரப்பும் பொய்யன்று. பொய்யாவது, ஒருநாட் கண்ட தரத்தைப் பரம்பரைப் பட்டமாக்கி, அதனைச் செய்யாதவனுக்குச் சூட்டுவது. சிறப்பு என்பது ஆண்டுதோறும் புதிதாக ஈட்டப்படுவது, ஈட்டாதபோது இழக்கப்படுவது. பட்டியலால் காக்கப்படும் சிறப்பு, சிறப்பின் உருவில் நிற்கும் பழைய விலைச்சீட்டே.

ஆகவே கள்ளுக்கும் அழகிய போத்தலும் பெயர்ச்சீட்டும் வேண்டும், அதனையும் ஓ-பிரியோனின் வரிசையில் ஏற்றவேண்டும் என்பது நமது கோரிக்கையன்று. ஏற்றினால் அச்சீட்டிலும் குத்தகைக்காரரின் பெயரே இருக்கும். 1978 நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளி எழுவான்கரைத் தென்னைகளைப் பெருவாரியாக வீழ்த்தியது. போர்டோவின் கொடிகள் அழிந்தபோது ஏட்டிலிருந்த பெயர் தோட்டங்களைக் காத்தது. நம் தோப்புகளுக்கு அத்தகைய ஏடு இருக்கவில்லை. மீண்டும் கன்று நட்டு, அது வளரும்வரை காத்திருந்து, மறுபடியும் ஏறியவர்களின் கைகளே அவற்றைக் காத்தன. மேன்மை எங்கே உறைகின்றது என்னும் வினாவுக்கு இதனைவிடத் தெளிவான விடை கிடைத்தல் அரிது.

மண்ணைப் போற்றுவோம், சுவையையும் அறிவோம், குடியின் தீமையையும் மறைக்காது கூறுவோம். ஆனால் பெருமையோ இழிவோ வழங்குமுன், செய்த கை எது, பெயர் பெற்றவன் எவன், பயன் பெற்றவன் எவன் என்னும் மூன்று வினாக்களையும் எழுப்பப் பழகுவோமாக. அவ்வினாக்களை எழுப்பும் வகுப்பறைகள் பெருகினால், படிவத்தில் தந்தையின் தொழிலை முழுச்சொல்லாக எழுதிவிட்டு, தாளைத் திருப்பாமல் நிமிர்ந்து நிற்கும் தலைமுறை தோன்றும். அந்நாளில் மதுவுக்குக் குலம் இருக்குமோ இருக்காதோ, மனிதனுக்கு இருக்காது.